சூளையில் வெடித்த பானைக்கு யார் காசு?

இந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுருக்கம் விழுந்த இரண்டு கைகள், நடுவில் ஈரக் களிமண். அல்லது பாதி முடைந்த பாய். கைக்குரியவருக்கு முகம் இருக்காது. அடுத்த படத்தில் லினன் சட்டை போட்ட ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, எங்கே படித்தார் என்ற விவரமும் உண்டு. நவீன வடிவமைப்பாளரையும் பாரம்பரியக் கைவினைஞரையும் சில வாரங்கள் ஒன்றாக உட்கார வைக்கும் ‘ரெசிடென்சி’ திட்டங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. மரபுக்குப் புத்துயிர், பழைமையும் புதுமையும் கைகோத்த தருணம் என்றெல்லாம் கீழே எழுதியிருக்கும்.

எனக்கு இந்தத் திட்டங்கள் மேல் வெறுப்பு இல்லை. சொல்லப்போனால் கோலா சிலாங்கூர் பக்கம் ஒன்று வராதா என்ற ஆசையே உண்டு. ஆனால் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி இடிக்கும். நான் இயந்திர பாகங்களை வரைந்து கொடுக்கிற பொறியாளன். என் வரைபடம் பட்டறைக்குப் போகும். அங்கே லேத் ஓட்டும் அண்ணன் ‘இது வராது தம்பி’ என்று சொன்னால், அதைச் சொல்வதற்கென்றே ஒரு பாரம் இருக்கிறது. அவர் நிரப்பிக் கொடுப்பார், நான் பதில் எழுதியாக வேண்டும். பதில் எழுதாமல் அடம்பிடித்து உலோகம் வீணானால் அந்தச் செலவு யார் கணக்கில் ஏறும் என்பதும் முன்பே முடிவாகியிருக்கும். இது ஒன்றும் பெரிய மனிதாபிமானம் இல்லை, வியாபாரம் அப்படித்தான் ஓடுகிறது. கைவினை ரெசிடென்சியில் அந்தப் பாரம் எங்கே? டிசைனர் கேட்ட வடிவம் சூளையில் வெடித்தால் களிமண், விறகு, நான்கு நாள் உழைப்பு, இதெல்லாம் யார் காசு? ‘இது வராது’ என்று பானைக்காரர் சொன்னால் அதற்கு என்ன மரியாதை? அழகியல் பற்றிப் பேசும் அறிக்கைகள் இந்த ஒரு பத்தியை மட்டும் எழுதுவதே இல்லை.

இந்தச் சேர்க்கைக்கு நல்ல வம்சாவளி உண்டு. 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களிலேயே அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் சொம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், ஊற்றும்போது நீர் எப்படி விழும், உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா, விலை என்ன என்று ஒரு வடிவமைப்பாளர் யோசிக்க வேண்டியதையெல்லாம் அடுக்கிவிட்டு, இதை எந்தத் தனி மனிதரும் வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகள் சேர்ந்து செய்தது என்ற முடிவுக்கு வருகிறார்கள். அருமையான பகுதி அது. பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம். அந்த அறிக்கையின் வழியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அதாவது, பாராட்டு பெயரில்லாத தலைமுறைகளுக்கு, கட்டடம் பெயருள்ள வடிவமைப்பாளர்களுக்கு. நான் குதர்க்கமாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். அந்த நிறுவனம் நல்ல காரியங்கள் நிறையச் செய்திருக்கிறது. ஆனால் சொம்பைச் செய்தவர் அங்கே என்னவாக நுழைய முடியும் என்ற கேள்வி அப்போதே தொடங்கிவிட்டது.

பிறகு 1985. அமெரிக்காவில் இந்தியத் திருவிழா நடந்த ஆண்டு. நியூயார்க்கின் கூப்பர்-ஹியூவிட் அருங்காட்சியகத்தில் ‘த கோல்டன் ஐ’ என்ற கண்காட்சி. ராஜீவ் சேத்தியின் கனவு. உலகின் முதல்தர வடிவமைப்பாளர்களை இந்தியக் கைவினைஞர்களோடு இணைத்துப் புதுப் பொருள்களைச் செய்ய வைப்பது. வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். இத்தாலியின் எத்தோரே சோட்ஸாஸ், மாரியோ பெல்லினி. மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூடாரக் கூரையில் பங்குள்ள ஃப்ரை ஓட்டோ. நியூயார்க் நகரத்தின் அந்தச் சிவப்பு இதயச் சின்னத்தை வரைந்த மில்டன் கிளேசர். ஹான்ஸ் ஹோலைன், பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி. இன்று நாம் ரெசிடென்சி என்று சொல்லும் பல திட்டங்களுக்கு மூத்த அண்ணன் இதுதான். துணைத்தலைப்பிலேயே இது இந்தியக் கைவினைஞர்களுக்குச் செய்யும் ‘டிரிப்யூட்’ என்று போட்டிருந்தார்கள். அதை நேராகத் தமிழில் அஞ்சலி என்று மொழிபெயர்த்தால் செத்தவர்களுக்குச் செய்வதாக ஆகிவிடும் என்பது வேறு கதை. இந்தக் கண்காட்சியைப் பற்றித் தேடினால் வடிவமைப்பாளர்களின் பெயர்கள் சட்டென்று வந்து விழுகின்றன. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் பெயரைத் தேட மெனக்கெட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தொழிலின் பெயரும் ஊரின் பெயரும்தான் கிடைக்கும்: கல் பதிப்பவர், கூடாரம் தைப்பவர்.

பெயர் இல்லாததை ஒரு குறையாக நினைக்கவே கூடாது என்று ஒரு வாதம் உண்டு. அந்த வாதத்துக்கு மிக அழகான உருவம் கொடுத்தவர் நம் ஆள்தான். கொழும்பில் 1877இல் சர் முத்து குமாரசுவாமிக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கைவினையை எழுத வருவதற்கு முன்னால் அவர் நிலவியலாளர். இலங்கையின் கனிமவளக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கியவர், தோரியனைட் என்ற கனிமத்தை அடையாளம் கண்டவர். அறிவியலில் இருந்து கலைக்கு வந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் கூடுதல் பாசம். 1909இல் வந்த அவருடைய ‘இந்தியக் கைவினைஞர்’ நூலில் கைவினைஞன் தன் பெயரை முன்வைக்காதவன், மரபின் கருவி, சமூகம் அவனைத் தாங்குகிறது. படிக்கும்போது மனம் உருகும். படித்து முடித்ததும் உறுத்தும். ஏனென்றால் அந்தச் சமூகத் தாங்கல் போய்விட்ட பிறகு, பெயரில்லாமை மட்டும் தனியாக மிஞ்சுகிறது. அது இன்னொருவருக்கு வசதியாகப் போய்விடுகிறது.

குமாரசுவாமியின் முதல் மனைவி எத்தலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 1908இல் வந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலுக்குப் புகைப்படங்கள் எடுத்தவர் அவர். கிராமம் கிராமமாக அலைந்து பார்த்தவற்றை அவர் கோட்பாடாக மாற்றவில்லை. மணமுறிவுக்குப் பிறகு இங்கிலாந்தில் தானே தறியில் உட்கார்ந்தார். எத்தல் மைரே என்ற பெயரில் டிச்லிங் ஊரில் நெசவுக்கூடம் நடத்தினார், சாயம் காய்ச்சினார், தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் புத்தகம் எழுதினார். ஒரே பயணத்திலிருந்து ஒருவர் கைவினைஞனைப் பற்றிய தத்துவத்தோடு திரும்பினார், இன்னொருவர் கைவினையோடு திரும்பினார். எனக்கு எத்தலைத்தான் பிடிக்கிறது. துணி அறுந்தால் அது அவருடைய துணி.

நம் நாட்டுக்கு வருகிறேன். கோத்தா கினபாலுவில் பிறந்த யீ ஐ-லான் புகைப்படக் கலைஞராக அறியப்பட்டவர். 2018 முதல் சபாவில் செம்போர்னாவுக்கு அருகே ஓமடால் தீவில் இருக்கும் பஜாவ் சாமா டிலாவுட் பெண்களோடும், உள்நாட்டில் கெனிங்காவ் பக்கத்து டூசுன், மூருட் நெசவாளர்களோடும் சேர்ந்து பாய் முடைந்துவருகிறார். அவர் முடைவதில்லை, அவர்கள் முடைகிறார்கள். அவர் கொண்டுவருவது ஒரு யோசனை, கொஞ்சம் பணம், தொடர்ந்து திரும்பி வருவோம் என்ற உறுதி.

அந்த வரிசையில் ‘திக்கார்/மேஜா’ என்ற படைப்பு. திக்கார் என்றால் பாய், மேஜா என்றால் மேசை. பாய்களில் மேசைகளின் உருவத்தை முடைந்து சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சொன்னால் இவ்வளவுதான். ஆனால் மேஜா என்ற மலாய்ச் சொல் போர்த்துகீசிய ‘மெசா’விலிருந்து வந்தது. நம் மேசையும் அங்கிருந்து வந்ததுதான். மலாய்க்காரரும் தமிழரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள், பேசினார்கள், தூங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். கப்பலில் வந்தவனோடு மேசையும் வந்தது. மேசைக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்தான், முன்னால் ஒருவன் கைகட்டி நின்றான். பிரட்டுக் களத்தில் கிராணி பேர் கூப்பிட்டதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மேசை என்பது ஆட்சியின் உடல், பாய் என்பது எல்லாரும் சமமாக உட்காரும் இடம் என்பது ஐ-லானின் வாதம். அந்த மேசையைப் பாய்க்குள் முடைந்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள் அந்தப் பெண்கள்.

இதில் என்னைக் கவர்ந்த விவரங்கள் இரண்டு. ஒன்று, சாயம். ஓமடாலின் பெண்கள் தாழை ஓலைக்குக் கடையில் வாங்கிய ரசாயனச் சாயம் போடுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் ரோஸ், பச்சை, ஆரஞ்சு. நகரத்து டிசைனர் வழக்கமாகச் செய்யும் முதல் காரியம் இதைத் தடுப்பது. இயற்கைச் சாயத்துக்குத் திரும்புங்கள், மண் நிறம்தான் பாரம்பரியம் என்று வகுப்பெடுப்பது. ஐ-லான் தடுக்கவில்லை. அவர்களுக்குப் பிடித்த நிறம் அவர்களுக்குப் பிடித்த நிறமாகவே அருங்காட்சியகத்துக்குப் போனது. நம் தோட்டத்துக் கோவில்களில் பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன்.

இரண்டு, பெயர். படைப்பின் விவரப் பலகையில் நெசவாளர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்தச் சமூகத்தில் பலருக்குக் குடியுரிமை கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையைப் படிக்க வேண்டும். எந்த அரசாங்கப் பதிவிலும் இல்லாத ஒருவரின் பெயர் அருங்காட்சியகச் சுவரில் இருக்கிறது. ‘திக்கார் ரெபென்’ என்ற இன்னொரு படைப்பில் நாடா போன்ற நீண்ட பாயில் தங்களுக்குத் தெரிந்த பின்னல் வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக முடைந்து ஒரு களஞ்சியமாகவே ஆக்கியிருக்கிறார்கள். அதைக் கடலுக்குக் குறுக்கே விரித்துப் படமும் எடுத்தார்கள். இங்கே கைவினைஞர் இன்னொருவரின் யோசனையைச் செய்து கொடுப்பவர் மட்டும் இல்லை; தனக்கு என்ன தெரியும் என்பதைத் தானே பதிவு செய்பவர்.

குறை இல்லையா? உண்டு. 2024 இறுதியில் சிங்கப்பூர் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய பெரிய கண்காட்சிக்கு யாருடைய பெயர் தலைப்பில் இருந்தது என்று கேட்டால், ஐ-லான் பெயர்தான். கலைச் சந்தை ஒரு பெயரைத்தான் செரிக்கும். முதல் பெயருக்கும் பன்னிரண்டாவது பெயருக்கும் நடுவில் உள்ள தூரத்தை விவரப் பலகை குறைக்குமே தவிர அழிக்காது. இருந்தாலும் ஒரு பெண் ஒரே தீவுக்கு ஆண்டுக்கணக்காகத் திரும்பித் திரும்பிப் போவதற்கும், இரண்டு வார ரெசிடென்சிக்கும் இருக்கும் வித்தியாசம் தரத்தில் தெரிகிறது. இரண்டு வாரத்தில் ‘இது வராது’ என்று சொல்லும் அளவுக்கு யாருக்கும் யாரோடும் பழக்கம் ஆகியிருக்காது. மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், விருந்தாளிதானே என்று.

திரும்பிப் போவதல்ல, போன இடத்திலேயே தங்கிவிட்ட கதையும் ஒன்று இருக்கிறது. அது களிமண் கதை என்பதால் எங்கள் ஊருக்கு நெருக்கமானது. 1971இல் பாண்டிச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்க இணை ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’ என்ற கூடத்தைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் வனையக் கற்றவர். அவர்கள் கொண்டுவந்தது உயர்வெப்பத்தில் சுட்டு மேலே கண்ணாடிப் பூச்சு போடும் ஸ்டோன்வேர் வகை. அங்கே வேலை செய்து கற்றுக்கொண்ட உள்ளூர்க்காரர்கள் சிலர் பிறகு தனியாகத் தொழில் தொடங்கினார்கள். இன்று ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்றே ஒரு சரக்கு உண்டு. காப்பியடிக்கிறார்கள் என்று சிலர் குறைபட்டுக்கொள்வார்கள். எனக்கு அது நல்ல சேதியாகத்தான் படுகிறது. கற்றவர் கற்றுக்கொடுத்தவருக்குப் போட்டியாக நிற்க முடிகிற இடத்தில்தான் கற்றல் நடந்திருக்கிறது.

ரே மீக்கர் 1980களில் இன்னும் விபரீதமான ஒன்றைச் செய்தார். பச்சை மண்ணில் வீடு கட்டி, உள்ளே செங்கல்லும் மண்பாண்டமும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரித்தார். வீடும் சுட்ட மண்ணாகிவிடும், உள்ளே வெந்த சரக்கை விற்று விறகுச் செலவையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. என் கேள்விக்கு இந்தப் பைத்தியக்காரச் சோதனை நேரடியாகப் பதில் சொல்கிறது. வெடித்தால் வெடித்தது அவருடைய சுவர். யோசனை யாருடையதோ அவரே நெருப்புக்கும் பொறுப்பு.

ஆனால் பாண்டிச்சேரி ஸ்டோன்வேர் ஜாடியை அப்படியே பொங்கல் அடுப்பில் ஏற்ற முடியாது. இங்கேதான் கோலா சிலாங்கூர் வருகிறது.

எங்கள் பக்கத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவது கம்போங் குவாந்தான் மின்மினிக்கும், கடலோர இறால், நண்டுக் கடைகளுக்கும். பொங்கல் நெருங்கினால் மட்டும் பத்திரிகை, தொலைக்காட்சிக்காரர்களுக்கு இங்கே மண்பானை வனையும் தமிழர்கள் இருப்பது ஞாபகம் வரும். ஜனவரி முதல் வாரம் ஒரு செய்தி, அதே கைகள், அதே களிமண். கைவினை என்றதும் நம் நாட்டில் நினைவுக்கு வருவது பாத்தேக், சொங்கெட், பேராக்கின் கறுப்பு லாபு சாயோங். தமிழர் வனையும் பானை ஒரு பண்டிகைச் செய்தி. கைவினை என்ற வரிசைக்கு அது வருவதில்லை.

அந்தப் பானையை நான் பொறியாளனாகவே பார்க்கிறேன். தாமான் வீட்டு முன்வாசலில் மூன்று செங்கல் அடுக்கி, விறகு மூட்டி, அதன்மேல் ஏற்றுகிறோம். அடியில் நேரடி நெருப்பு, உள்ளே குளிர்ந்த பால், பக்கவாட்டில் காலைக் காற்று. ஒரே பாத்திரத்தில் சில அங்குல தூரத்துக்குள் அவ்வளவு வெப்ப வித்தியாசம். அதிகச் சூட்டில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுகிய ஜாடி இந்த அடியைத் தாங்காது, ஒரு விரிசல் தொடங்கினால் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். குறைந்த சூட்டில் வெந்த, மணல் கலந்த, நுண்துளைகள் நிறைந்த மண் தாங்கும். ஓட ஆரம்பிக்கிற விரிசல் ஒரு மணல் துணுக்கிலோ துளையிலோ முட்டி நின்றுவிடும். அதாவது, கடையில் வைத்துப் பார்த்தால் ‘தரக்குறைவு’ என்று தோன்றும் சொரசொரப்பும் கசிவும்தான் அடுப்பில் தரம்.

உருண்டை அடியும் அப்படித்தான். ஒருமுறை பானை வாங்கப் போனபோது வனைந்துகொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்.

‘அடியைத் தட்டையா செஞ்சா கேஸ் அடுப்புல ஆடாம நிக்குமே அக்கா?’

‘நிக்கும் தம்பி. ஆனா மூலை புடிச்ச எடத்துல விட்டுரும். பொங்கலன்னிக்குப் பானை விட்டுச்சுன்னா அந்த வீட்டுக்காரங்க வருஷம் பூரா என்னைத்தானே நினைப்பாங்க.’

வெப்பத்தால் விரியும் பொருளில் கூர்மையான மூலை இருந்தால் அங்கே அழுத்தம் குவியும் என்று எனக்கு இரண்டாம் ஆண்டில் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கா அதைத் தன் பெயர் கெடும் இடமாகத் தெரிந்து வைத்திருக்கிறார். உருண்டை அடி சக்கரத்தில் தானாக வருவதில்லை. வனைந்ததை அரைகுறையாகக் காயவிட்டு, உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி மெலிதாக்கி மூட வேண்டும். எப்போது தட்டலாம் என்பது மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் முந்தினால் ஒட்டும், பிந்தினால் கீறும். தட்டும் சத்தம் மாறுவதை வைத்துக் கனம் தெரியும். இது கையின் திறமை மட்டும் இல்லை. முடிவெடுப்பது.

ரெசிடென்சி அறிக்கைகளில் எனக்கு உறுத்துவது இந்தப் பிரிவினைதான். யோசனை டிசைனருக்கு, கை கைவினைஞருக்கு. தட்டை அடி, மங்கிய சாம்பல் பூச்சு, இணையத்தில் விற்க வசதியாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று அளவு என்று ஒரு வரைபடம் வரும். அது கெட்ட வரைபடம் என்று சொல்ல மாட்டேன், பூச்சாடியாக நன்றாகவே விற்கலாம். ஆனால் அதை வரைந்தவர் பானை என்ன வேலை செய்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். நம் பானை செய்யும் வேலைகளில் ஒன்று உடைவது. சுடுகாட்டில் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வரும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் ஒரு துளை போடுகிறார்கள். துளை விழ வேண்டும், தண்ணீர் பீய்ச்ச வேண்டும், ஆனால் குடம் அப்போதே சுக்கல் ஆகிவிடக் கூடாது. மூன்றாம் சுற்று முடிந்ததும் ஒரே போட்டில் உடைந்தாக வேண்டும். இவ்வளவு துல்லியமான தேவைப்பட்டியலை நான் வேலையில்கூட அடிக்கடி பார்த்ததில்லை. காலத்தால் அழியாத பொருளைச் செய்யப் பயின்ற ஒருவர், உடைவதற்கென்றே செய்யப்படும் பொருளின் முன்னால் மாணவராக உட்கார முடியுமா? முடியும் என்றால் அவருக்குக் கோலா சிலாங்கூரில் கற்க நிறைய இருக்கிறது.

பானைக்காவது கைவினை என்று வாதாட ஒரு சக்கரம் இருக்கிறது. தோட்டத்துக்கு அதுவும் இல்லை.

பத்தாங் பெர்ஜூந்தைக்கு, இப்போதைய பெஸ்தாரி ஜெயாவுக்கு, அருகில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இங்கேதான். அவர் எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930இல் கோங்கூர் பரிசு கிடைத்தது. துரை என்றாலும் எழுதத் தெரிந்த துரை. அவர் பெயர் செம்பனை வரலாற்றிலும் இருக்கிறது, பிரெஞ்சு இலக்கியத்திலும் இருக்கிறது. நட்டவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. தோட்டத்துக்குத் தமிழில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதேபோல ரப்பர். மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பட்டையைச் சன்னமாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1890களில் உருவாக்கினார். பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது. அந்த முறையை வருஷம் முழுக்க, இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து காட்டியவர்கள் நம் பாட்டிகள். மேல் இடமிருந்து கீழ் வலமாகச் சாய்ந்த கோடு. சீவும் பட்டை ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. உளி ஆழமாகப் போனால் உள்ளே வளர்ச்சிப் படலம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை அந்த இடத்தில் வெட்ட முடியாது. மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த ஒரு மில்லிமீட்டரை எந்த அளவுகோலும் இல்லாமல் உளியின் இழுப்பிலேயே அறிவது எப்படிக் கைவினை ஆகாமல் போனது? கூலிக்குச் செய்ததால். காலனி ஆட்சியின் பதிவேட்டில் நாம் ‘லேபர்’. லேபருக்கு உடம்பு உண்டு, அறிவு கிடையாது. கிராமத்துத் தச்சரைப் பற்றியும் நெசவாளரைப் பற்றியும் உருகி எழுதியவர்கள் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காததும் இதனால்தான்.

நம் இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அகிலன் 1970களில் மலேசியா வந்து பார்த்துவிட்டு ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். அதையும் ஒரு ரெசிடென்சி என்று வைத்துக்கொள்ளலாம்: பெயருள்ள எழுத்தாளர் வந்தார், தோட்டம் கதை கொடுத்தது. ஆனால் வெளியிலிருந்து வந்தவரை மட்டும் சொல்லி என்ன பயன்? இங்கேயே பிறந்து எழுதியவர்களின் தோட்டக் கதைகளிலும் வலி இருக்கிறது, சாராயம் இருக்கிறது, கங்காணியின் அட்டூழியம் இருக்கிறது, துண்டாடல் இருக்கிறது. எல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். வேலை மட்டும் குறைவாக இருக்கிறது. உளி எப்படித் தீட்டுவார்கள், மழை பெய்த மறுநாள் பட்டை எப்படி இருக்கும், நல்ல வெட்டு என்று எதைச் சொல்வார்கள் என்று தேடிப் படித்தால் அங்கொன்று இங்கொன்று. பாதிக்கப்பட்டவர்களாக நம்மை நாமே எழுதிக்கொண்ட அளவுக்கு, தெரிந்தவர்களாக எழுதிக்கொள்ளவில்லை. ரெசிடென்சி படத்தில் முகம் இல்லாத கைகளைப் பார்த்துக் கோபப்படும் உரிமை, அந்தக் கைகளுக்கு நம் கதைகளில் என்ன கொடுத்தோம் என்பதையும் பொறுத்தது.

எங்கள் பக்கம் இன்று பால்மரம் தேடினால்தான் கிடைக்கும், எங்கும் செம்பனை. வெட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. தோட்டத்தை விட்டு வந்து தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் இருக்கிறார்கள். கோவில் திருவிழா வந்தால் அவர்களில் சிலர் இன்னும் தென்னங்குருத்தில் தோரணம் மடிக்கிறார்கள். மடிப்பு வகைகளுக்குப் பெயர் சொல்கிறார்கள். அதை ஒருவர் வரிசையாக மடித்து வைத்தாலே ஒரு ‘திக்கார் ரெபென்’ ஆகிவிடும்.

ஆகவே, யாராவது உண்மையிலேயே இந்தப் பக்கம் ரெசிடென்சி நடத்த வந்தால் நான் கேட்பது அழகியல் அறிக்கை இல்லை, ஒப்பந்தத் தாள். வெடித்த பானைக்கும் வெடிக்காத பானைக்கும் ஒரே கூலி என்று அதில் எழுதியிருக்கிறதா? ‘இது வராது’ என்று வனைபவர் சொன்னால் வரைபடம் மாற வேண்டும் என்று இருக்கிறதா? இரண்டாம் ஆண்டுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? டிசைனர் இங்கே ஒரு மாதம் இருந்தால், வனைபவரின் பிள்ளை கோலாலம்பூரில் அந்த டிசைனரின் அலுவலகத்தில் சம்பளத்தோடு ஒரு மாதம் இருக்க வழி உண்டா? விலை எப்படி வைப்பது, வாங்குபவரைப் பிடிப்பது எப்படி, பில் போடுவது எப்படி என்று கற்றுக்கொள்ளலாம். டிசைனர்களிடம் உண்மையில் கற்க வேண்டியது அதுதான், வடிவம் இல்லை.

வரும் மாதமும் முக்கியம். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும். பானை நிழலில் மெதுவாகக் காய வேண்டும், ஈரக் காற்றில் காய்ச்சல் இழுத்துக்கொண்டே போகும். கார்த்திகை அகலுக்கும் தைப் பொங்கலுக்கும் சரக்கு சேர்க்க வேண்டியதும் அதே மாதங்களில்தான். கொட்டகையில் ஒரு பலகைகூடக் காலியாக இருக்காது. அப்போது வந்து, சோதனைக்கு நாலு பலகை இடம் வேண்டும் என்று கேட்டால் அக்கா இல்லை என்று சொல்ல மாட்டார். விருந்தாளி ஆயிற்றே. மார்ச்சில் வாருங்கள்.